மாத்திரை அட்டை தானாகக் காணாமல் போகாது

கேள்வி: எனக்கு 21 வயது. வீடு தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், படிப்பது டர்பன் நகரில். இரண்டு வருடமாக ஒருவரோடு பழகுகிறேன். என் கருத்தடை மாத்திரை அட்டை அடிக்கடி காணாமல் போகும், "நீதான் எங்கேயோ போட்டுவிட்டாய்" என்பார். போன மாதம் பாதியில் ஆணுறையைக் கழற்றிவிட்டார், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது மாதவிலக்கு 9 நாள் தள்ளிப்போயிருக்கிறது. "குழந்தை என்று வந்தால் உன் வீட்டில் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்வார்கள்" என்று சிரிக்கிறார். பக்கத்து கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கே அம்மா காதுக்குப் போய்விடும். நான்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டேனா?

பதில்: இல்லை அம்மா. கல்யாணத்தைப் பற்றி அவர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். மாத்திரையை ஒளித்து வைப்பது, சொல்லாமல் ஆணுறையைக் கழற்றுவது, கர்ப்பமாகச் சொல்லியோ கலைக்கச் சொல்லியோ நெருக்குவது எல்லாம் ஒரே வகைதான், மருத்துவத்தில் இதை இனப்பெருக்க வற்புறுத்தல் என்கிறோம். நீங்கள் சம்மதித்தது ஆணுறையோடு, அதைக் கழற்றிய பிறகு நடந்ததற்கு உங்களை யாரும் கேட்கவில்லை. (அவர் என்று மரியாதையாக எழுதுகிறேன், நீங்கள் அப்படி எழுதியதால் மட்டும்.)

சரி, முதலில் சோதனை. பார்மசியில் கிட் வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். இந்த நேரத்தில் அவசரக் கருத்தடை மாத்திரை உதவாது, அது உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் என்றால், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவோம், அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஐந்து வாரம் தாண்டியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் கர்ப்பம் கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம் முடிவு. தென்னாப்பிரிக்காவில் 1996-ல் வந்த சட்டப்படி 12 வாரம் வரை கருக்கலைப்புக்கு நீங்கள் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டாம், அவருடைய கையெழுத்தோ அம்மாவின் கையெழுத்தோ தேவையில்லை. 13-லிருந்து 20 வாரம் வரையும் முடியும், ஆனால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். அனுமதி பெற்ற அரசு மருத்துவமனைகளில் இலவசம். சில இடங்களில் நர்ஸ் முகம் சுளிப்பார், அதைப் பார்த்துப் பயந்து திரும்பி, டர்பன் தெருக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் "வலியில்லாமல், ஒரே நாளில்" நோட்டீஸ் நம்பருக்குப் போன் செய்துவிடாதீர்கள். அப்படிப் போய் ரத்தப்போக்கும் கிருமித் தொற்றுமாக வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தாலும் அது உங்களுடையதே, அப்படியானால் இன்றே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கி, சீக்கிரமே கிளினிக்கில் பதிவு செய்யுங்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க உங்கள் பகுதி கிளினிக்கை விட்டுவிடுங்கள், கல்லூரி வளாகத்தில் சுகாதார மையம் இருந்தால் அங்கே போங்கள். எங்கே போனாலும் உங்கள் விவரத்தை வெளியே சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. எச்ஐவி சோதனை இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று.

கர்ப்பம் இல்லையென்றாலும் இனி அவர் கைக்கு எட்டாத முறைக்கு மாறுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி தடயமே வைக்காது, மாதவிலக்கு நின்றுபோகலாம் என்பது மட்டும் அவர் கண்ணில் படக்கூடும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டால் அதன் நூலைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள், அவர் விரலுக்குத் தட்டாமல் இருக்கும். கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளாண்ட் மூன்று வருடம் நல்ல பலன் தரும், ஆனால் தடவினால் விரலுக்குத் தட்டும், உங்கள் நிலைமையில் எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

சோதனை முடிவை அவரிடம் தனியாக இருக்கும்போது சொல்லாதீர்கள். கர்ப்ப காலத்தில் இப்படிப்பட்ட ஆட்கள் கை நீட்டுவது உண்டு. பழகும் உறவும் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும், 2021 திருத்தத்துக்குப் பிறகு அடக்கி ஆளும் நடத்தையும் அதில் சேர்ந்துவிட்டது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 0800 428 428, இரவு பகல் எந்நேரமும். அழைத்தபின் போனில் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். சோதனை கிட்டையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.