வாத்தியார் மடியிலிருந்த மடக்கெழுத்தாணி: கேள்வி பதில்

திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கூடவே வைத்திருந்த கத்தியும் எழுத்தாணியும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தென்காசி): ஐயா, என் கொள்ளுத்தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவர் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் தடித்த ஊசி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்குகின்றன. என்ன இது?

பதில்: மடக்கெழுத்தாணி, டீச்சர். எழுத்தாணியில் மூன்று வகை பேர்போனவை. குண்டெழுத்தாணி குட்டையாக, தலையில் கனமான குண்டோடு இருக்கும். வாரெழுத்தாணியின் மேல்முனையிலேயே ஓலை வாருகிற கத்தி உண்டு; அது மடங்காது, அதனால் உறை வேண்டும். பனையோலையிலேயே உறை செய்து செருகி வைப்பார்கள். மூன்றாவதுதான் உங்களிடம் இருப்பது. கத்தியும் ஆணியும் நடுக் கைப்பிடிக்குள் அடங்கிவிடுவதால் மடியில் வைத்தாலும் குத்தாது. கைப்பிடி மரத்திலும் தந்தத்திலும் செய்வார்கள். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் இந்த மூன்றையும் விவரித்திருக்கிறார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் எழுதியது என்பதால் அந்தப் பகுதியை அவசியம் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): எழுதுவதற்கு ஆணி போதுமே, கத்தி எதற்கு?

பதில்: தம்பி, கத்தி இல்லாமல் ஏடே இல்லை. இன்றைக்கு ஆசிரியர் கையில் புத்தகம் அச்சாகி வருகிறது. அன்றைக்கு ஆத்திசூடியானாலும் எண்சுவடியானாலும் ஓலையை வெட்டி, வாரி, துளையிட்டு, எழுதிக் கோத்தால்தான் பிள்ளை கைக்கு வரும்.

மரத்திலிருந்து வந்த ஓலையில் ஈர்க்கை ஒட்டிக் கத்தியை ஓட்டி இலையைப் பிரிக்க வேண்டும். இதைத்தான் வாருதல் என்கிறோம். பிறகு இரண்டு ஓரமும் நேராக வரும்படி சீவ வேண்டும். எழுதும்போது ஓரத்தில் பிசிறு நின்றால் கை அதில் மாட்டி வரி கோணும். பிசிறைப் பிடித்து இழுத்தாலோ நார் வழியே ஏடு நீளத்துக்கும் கிழிந்து வந்துவிடும். கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் கிளிமூக்கு. சுவடிக் கயிறு துளைக்குள் உருவிப் போகாமலிருக்க, பனையோலையை ஈர்க்கோடு கிளியின் மூக்கைப் போல நறுக்கிக் கயிற்றின் தலைப்பில் முடிவார்கள். அதற்கும் இதே கத்திதான்.

பேனாக்கத்தி என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால் வந்த பெயர் அது. எழுதுகிறவன் கத்தி வைத்திருந்தது எல்லா ஊரிலும் உண்டு.

கேள்வி (தென்காசி டீச்சரே மறுபடியும்): நிறையத் துரு இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். தறை, அதாவது கத்தி மடங்குவதற்காகக் குறுக்கே அடித்திருக்கும் ஆணி, இருக்கும் இடுக்குக்குள் போய்விட்டால் கழுவினாலும் வெளியே வராது. மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

முதலில் மடங்கியிருப்பதை வலிந்து திறக்காதீர்கள். தறை இருக்கும் இரண்டு பக்கமும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் மெல்ல அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் இன்னும் இரண்டு சொட்டு, இன்னும் ஒரு நாள். மூன்று நான்கு நாள் ஆனாலும் பரவாயில்லை. வலிந்தால் துருப்பிடித்த பழைய இரும்பு ஒடிந்துவிடக்கூடும். திறந்ததும் உதிரும் துருவை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுங்கள். மீதிக்கு மிக மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, கத்தியின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். அடியில் தெரியும் கருப்புப் படலம் இரும்பைக் காக்கிறது, அதை எடுக்காதீர்கள்.

முழுவதையும் மண்ணெண்ணெயில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. மரக் கைப்பிடி அதைக் குடித்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் கெட்டுப்போய்விடும்.

கேள்வி (கைவினைப் பயிற்சியாளர், புதுச்சேரி): நானே ஓலை பதப்படுத்தி எழுதிப் பார்க்கிறேன். எழுத்தாணி ஓலையைக் கிழிக்கிறது. முனை கூர்மை போதவில்லையா?

பதில்: கூர்மை அதிகமாகிவிட்டது என்றுதான் சொல்வேன். எல்லோரும் தவறுகிற இடம் இது. எழுத்தாணி நாரை வெட்டக் கூடாது, மேல்தோலை உழுதுகொண்டு போக வேண்டும். பெருவிரல் நகத்தில் முனையை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். குத்தி நின்றால் கூர்மை அதிகம், தடமே விழாமல் வழுக்கினால் மழுங்கல், மெல்லிய வெள்ளைக் கோடு விட்டுக்கொண்டு ஓடினால் சரி.

சரிசெய்ய, நைஸான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, ஆணியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இழுங்கள். உருட்டாமல் தேய்த்தால் ஒரு பக்கம் தட்டையாகி, வளைவுகளில் முனை ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியில் பழைய தோல்வாரில் இருபது முப்பது தடவை இழுத்தால் பிசிறு போய்விடும்.

ஓலையையும் பாருங்கள். முற்றிய ஓலை முறியும், இளங்குருத்து சுருங்கும். இரண்டுக்கும் நடுப்பட்டதை எடுத்து, நிழலில் மூன்று நான்கு நாள் காயவைத்து, மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் வேகவிட்டு, மறுபடி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு வெடிக்கும். அரை ஈரம் இருக்கும்போதே பலகைகளுக்கிடையில் பாரம் வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் சங்கு அல்லது வழவழப்பான கூழாங்கல்லால் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். இந்த மெருகு இல்லாவிட்டால் மை தடவும்போது எழுத்தில் மட்டும் நிற்காமல் ஏடு முழுவதும் கருத்துவிடும்.

கேள்வி (அதே பயிற்சியாளர்): பேனா போலப் பிடித்தால் விரல் வலிக்கிறதே?

பதில்: பேனா போலப் பிடிக்கக் கூடாது. வலக்கை ஆணியைப் பிடிக்கும். இடக்கை ஏட்டைப் பிடித்திருக்கும். ஆணியின் கீழ்ப்பகுதி இடக்கைப் பெருவிரலில் சாய்ந்து நிற்கும். வரி ஓட ஓட இடக்கைதான் ஏட்டை நகர்த்தித் தரும். நிறைய எழுதியவர்கள் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல் ஒரு வெட்டு வைத்து அங்கே ஆணியைப் பதித்துக்கொள்வார்கள். நகம் வளர்க்க முடியாதவர்கள் துணியை மோதிரம்போலச் சுருட்டி மாட்டி அதற்குள் செருகுவதும் உண்டு. நீங்கள் துணி மோதிரத்தில் தொடங்குங்கள். எழுதும் ஏட்டுக்கு அடியில் இரண்டு கழிவு ஏடு வைத்துக்கொண்டால் அழுத்தம் சீராக விழும்.

நாரின் போக்கில் நீளமாகக் கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். புள்ளி குத்தினால் பொத்துவிடும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லாததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வது வழக்கம்.

கேள்வி: எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. எந்த மை?

பதில்: விளக்குக்கரியைக் கோவையிலைச் சாற்றிலோ ஊமத்தையிலைச் சாற்றிலோ குழைத்து, துணியில் தொட்டு ஏடு முழுவதும் தடவி, உடனே வேறு துணியால் துடைத்துவிடுங்கள். ஊமத்தை நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் கோவையிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புதுச் சுவடிக்கு மை தடவுவதை மையாடல் என்றே ஒரு சடங்காகச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி (சேகரிப்பாளர், கோயம்புத்தூர்): பழம்பொருள் கடையில் ஒன்று விலைக்கு வருகிறது. எழுதப் பயன்பட்டதா, அலங்காரத்துக்குச் செய்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முனையைப் பாருங்கள் சார். உடம்பு பித்தளையாக இருக்கலாம், எழுதும் முனை இரும்பாகவோ எஃகாகவோ இருக்க வேண்டும். பித்தளை முனை நாலு ஏட்டுக்குள் மழுங்கும். புழங்கிய கத்தி சாணை பிடித்துப் பிடித்து நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். வில் (ஸ்பிரிங்) வைக்காத மடக்கில் தறையின் இறுக்கம்தான் கத்தியை நிறுத்துகிறது. அதனால் தறையின் தலையில் திரும்பத் திரும்பத் தட்டி இறுக்கிய அடையாளம் இருந்தால் பலநாள் உழைத்த பொருள் என்று கொள்ளலாம். மயிலும் யாளியுமாகச் செதுக்கி, மடிப்பிடுக்கில் அழுக்கே இல்லாமல் இருந்தால் யோசியுங்கள்.

தந்தக் கைப்பிடி என்று சொன்னால் வாங்காதீர்கள். யானைத் தந்த வியாபாரம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலும்பா தந்தமா என்று பார்க்க, கைப்பிடியின் வெட்டுமுகத்தில் லென்ஸ் வையுங்கள். தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் தெரியும், எலும்பில் சிறுசிறு கரும்புள்ளிகள் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், அந்தத் தழும்பு மாறாது.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் குடும்பத்து எழுத்தாணியை ஊரிலிருந்து இங்கே கொண்டுவரலாமா அண்ணா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொல்பொருளாகும். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டே கணக்கு. உங்கள் எழுத்தாணி நூறு ஆண்டுக்கும் குறைவானது என்று தோன்றினால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சான்று கிடைத்தாலும் விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கூடவே கிடைத்த சுவடியை என்ன செய்வது?

பதில்: பிரிக்காதீர்கள், ஒட்டியிருந்தால் கத்தியை நடுவில் விடவே விடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் இருக்கின்றன. எடுத்துப்போய்க் காட்டுங்கள். சுவடிகளுக்குத் தடவும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக்கூட அங்கே கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

கேள்வி (தமிழாசிரியர், நாகர்கோவில்): ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓலையில் எழுதக் காட்ட வேண்டும். மடக்கெழுத்தாணியை வகுப்புக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: தலைமையாசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, உங்கள் கையிலேயே வைத்துக் காட்டுங்கள். கத்தி உங்கள் பக்கம் இருக்கட்டும். ஓலையை வீட்டிலேயே வாரி, ஒன்றரை அங்குல அகலம், ஒரு சாண் நீளத்தில் நறுக்கி எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்குக் கோணி ஊசி போதும். முனையைச் சாணைக்கல்லில் உருட்டி மழுக்கி, காதுப் பக்கத்தை மூங்கில் துண்டில் இறுக்கிச் செருகிக் கொடுங்கள். நாற்பது பிள்ளைக்கு நாற்பது ஏடு கணக்குப் போடாதீர்கள், முதல் ஏட்டைக் கிழிக்காத பிள்ளை இருக்காது. நூறு ஏடாவது வேண்டும்.