தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும்

மருத்துவமும் அறிவியலும் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் ஒரு கிறிஸ்தவர் எதை அற்புதம் என்பார், அதை எப்படி அடையாளம் காண்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன்.

நம் பழைய வேதாகமத்தில், யோவான் சுவிசேஷத்தின் பல இடங்களில் ‘அற்புதம்’ என்று வரும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ‘அடையாளம்’ என்பதே பொருள். கானாவூர்க் கலியாணத்தில் இயேசு சொன்னபடி 6 கற்சாடிகளில் நிரப்பிய தண்ணீர் திராட்சரசமான போது, அதை ருசித்துப் பாராட்டிய பந்திவிசாரிப்புக்காரனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான வசனத்தை நான் அறியேன். ஏனெனில் அங்கே உழைப்பும் அற்புதமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை. குடம் சுமந்தவர்களுக்கே அது முதலில் புலப்பட்டது.

என் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்தது. மருந்தால் நோய் அடங்கிய பிறகும், நரம்புகள் பழுதடைந்ததால் வலக்கை விரல்கள் கொக்கிபோல் மடங்கியே இருந்தன. பாட்டிதான் அவருக்குச் சோறு ஊட்டிவிடுவார். அத்தகைய கைகளுக்கு டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய அறுவைச் சிகிச்சை 1960களில் தாத்தாவுக்கும் கிடைத்தது. பழுதடையாத ஒரு தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் பட்டையை, எடுத்து, செயலிழந்த தசைகளின் வேலையை அது செய்யுமாறு விரல்களோடு இணைத்துத் தைப்பார்கள். அதன் பிறகு மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும், அந்தத் தசைக்குப் புதிய வேலையைப் பழக்குவதற்காக நாள்தோறும் பயிற்சி. ஒருநாள் மதியம் அவர் தம் கையாலேயே சோற்றைப் பிசைந்து உண்டதைப் பாட்டி எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவருடைய குரல் தழுதழுக்கும்.

இதில் இயற்கை விதி எதுவும் மீறப்படவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். லூக்கா சுவிசேஷத்தின் 17ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் வந்த 10 தொழுநோயாளிகளும் சுகமடைந்தார்கள். அந்தச் சுகத்துக்குக் காரணர் யார் என்று கண்டு திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் யூதர்கள் அந்நியனாகக் கருதிய சமாரியன். தேவன் மருத்துவரின் அறிவையும் தாத்தாவின் பொறுமையையும் பயன்படுத்தினார் என்று நான் நம்புகிறேன். விளக்க முடியாததை மட்டுமே அற்புதம் என்றால், விளக்கம் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் தேவன் ஓரடி பின்வாங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட விசுவாசம் எனக்கு இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சபையில் ஒருவர் தாம் ஜெபித்துப் பெற்ற சுகத்தைச் சாட்சியாகச் சொல்லும்போது, அதே ஜெபத்தைச் செய்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அப்போஸ்தலர் பவுல், ‘மாம்சத்தில் ஒரு முள்’ என்று தாம் சொன்ன துன்பம் நீங்க மூன்று முறை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. கிருபை போதும் என்ற பதிலே வந்தது. சுகம் பெறாதவரின் விசுவாசத்தை அளந்து பார்க்க நமக்கு உரிமை இல்லை.

தாத்தாவின் விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவே இல்லை. காப்பி டம்ளரைக் கடைசிவரை துணி சுற்றித்தான் பிடித்தார். ஆனாலும் மாவுக்கட்டுப் பிரித்த மாதம் ஆண்டுதோறும் வரும்போது, ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை உறையின்மேல் ‘வலக்கைக்காக’ என்று அந்தக் கையாலேயே எழுதிக் கொடுப்பார்.