பழைய பிக்கப்பின் பெற்றோல் குழாயும் கியர் எண்ணெய்க் குழாயும்

வணக்கம். மாங்குளத்தில் நீங்கள் திருத்தியெடுக்கும் பழைய பிக்கப்புக்கு ஓட்டோமற்றிக் கியர்பெட்டி பொருத்தியிருப்பதாகவும், பெற்றோலுக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் செப்புக் குழாயே போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தனிச் செம்பைத் தவிர்த்துவிடுங்கள். கிரவல் வீதியின் ஓயாத அதிர்வில் செம்பு இறுகி, கிளிப் பிடிக்கும் இடத்தில் வெடித்துவிடும். என் வாகனத்தில் அந்த வெடிப்பு தலைமயிரளவுதான் இருந்தது, ஆனால் செம்புழுதி படிந்த சேஸியில் பெற்றோல் கசிந்த ஈரக்கோடு சைலன்சரை நோக்கி நீண்டிருந்ததைக் கண்டபோது நெஞ்சு பதறிவிட்டது. நிக்கல் கலந்த செப்புக் குழாய் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. துருவேறா உருக்குக் குழாய் அதைவிட உறுதியானதெனினும், அதை வளைக்கவும் வாயை விரிக்கவும் நல்ல கருவி வேண்டும்.

றப்பர் குழாயில்தான் பலர் தவறுகிறார்கள். சூடேறிய கியர் எண்ணெய் சாதாரண பெற்றோல் குழாயைக் காலப்போக்கில் பழுதாக்கிவிடும் என்பதால், கியர் எண்ணெய்க்கென்றே தயாரித்த குழாயை வாங்குங்கள். இயந்திரம் பெற்றோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்ஷன் வகையாயின், பெற்றோல் பக்கத்துக்கு 30ஆர்9 என அச்சிட்ட உயர் அழுத்தக் குழாயைத் தேடியெடுங்கள். றப்பர் ஏறும் உலோக முனையில் சிறு விளிம்பு எழுப்பாமல் கிளிப்பை மட்டும் இறுக்கினால், அழுத்தத்தில் குழாய் கழன்றுவிடக்கூடும். பழைய குளிர்விப்பானையே பாவிப்பதாயின், இணைக்குமுன் அதன் உட்புறத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள்.