உதை வேறு, வாயு வேறு

கேள்வி: இரண்டாம் உலகப்போர் கட்டுரையில் அமெரிக்காவின் எம்1 கேரண்ட் ரைஃபிளை ‘கேஸால் இயங்குவது’ என்று எழுதியிருந்தீர்கள். துப்பாக்கிக்குள் கேஸ் ஏது? சுட்டதும் பின்னால் உதைக்கிறதே, அந்த உதையில்தானே அடுத்த தோட்டா ஏறுகிறது? தவறைத் திருத்துவீர்களா?

பதில்: திருத்த மாட்டோம். எழுதியது சரி.

தோட்டாவில் இருக்கும் மருந்து எரிந்து உண்டாகிற வாயுதான் அந்த கேஸ். குண்டை விரட்டுவதே அதுதான். கேரண்டின் குழல் 61 செ.மீ. நீளம். குண்டு வெளியேறும் வாய்க்குக் கொஞ்சம் பின்னால், அடிப்பக்கத்தில், ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்தில் ஒரு துளை. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் ஒரு சிறு பங்கு துளை வழியே கீழே உள்ள சிலிண்டருக்குள் பாய்ந்து, ஒரு நீளமான தண்டைப் பின்னால் தள்ளுகிறது. தண்டு, குழலின் பின்பக்கத்தை மூடிப் பூட்டியிருக்கும் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. காலித் தோட்டா வெளியே தெறிக்கிறது. அப்புறம் ஸ்பிரிங் தண்டை முன்னால் தள்ள, போல்ட் அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிப் பூட்டிக்கொள்கிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வெடி.

துளை ஏன் அவ்வளவு முன்னால்? குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே ஆபத்துதான். அதனால்தான் வாயு தாமதமாகவே தண்டை எட்டும்படி துளை குழல் முனையருகே இருக்கிறது. தண்டும் முதலில் சிறிது தூரம் போல்ட்டைத் தொந்தரவு செய்யாமல் வெறுமனே நகரும். அதற்குள் குண்டு வெளியேறி, குழலில் அழுத்தம் இறங்கிவிடும். பூட்டு அதன் பிறகே திறக்கும். இந்தத் தாமதத்தைத்தான் நான் இந்த வடிவமைப்பின் உயிர் என்பேன்.

இதை வடிவமைத்த ஜான் கேரண்ட் கனடாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். 1936-இல் ராணுவம் ஏற்றுக்கொண்டபோது துப்பாக்கியில் இந்தத் துளையே இல்லை. குழல் வாயில் தொப்பி மாதிரி ஒரு மூடி இருந்தது. குண்டு குழலைவிட்டு வந்த பிறகு வாயுவை அதுதான் பிடித்தது. அது தொல்லை கொடுத்தது. துளைக்கு மாறினார்கள். ஜெர்மானியர்களும் தங்கள் கெவேர் 41 ரைஃபிளில் தொப்பி முறையை வைத்துப் பார்த்து, கெவேர் 43-இல் கைவிட்டார்கள்.

சரி, உங்கள் உதைக்கு வருவோம். அது தோளில் படுவது உண்மை. ஆனால் கேரண்டின் போல்ட்டை அது இயக்குவதில்லை. சாட்சி அந்தத் துப்பாக்கியிலேயே இருக்கிறது. குழல் வாயில் எம்7 என்ற ஏவு கருவியை மாட்டி, துப்பாக்கியால் ஏவும் கிரனேடுகளை வீசுவார்கள். மாட்டியதும் சிலிண்டர் முனையில் ஒரு வால்வு திறந்துகொள்ள, வாயு வெளியே போய்விடும். அப்போதுதான் உதை மிகக் கடுமையாக இருக்கும். ஆனாலும் போல்ட் தானாகத் திறக்காது. சிப்பாய் கையால்தான் இழுக்கவேண்டும்.

நீங்கள் சொன்ன முறையிலும் ஒரு ரைஃபிள் இருந்தது: கேரண்டுக்குப் போட்டியாக மெல்வின் ஜான்சன் செய்த எம்1941. அதில் உதையின் வேகத்தில் குழலே சற்றுப் பின்னால் நகர்ந்து பூட்டைத் திறக்கும். அதைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. நாங்கள் எழுதியது கேரண்டைப் பற்றி.