கிளாங் பில்ட் முடியும் தறுவாயில் மடிக்கணினி உறைவது ஏன்?

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கும் பொறியியல் மாணவன் நான். இறுதியாண்டு புராஜெக்டுக்காக எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுப்பின் மூலநிரலிலிருந்து கிளாங் (சி, சி++ கம்பைலர்), எல்எல்டி (லிங்கர்), லிப்சி++ (சி++ நூலகம்) மூன்றையும் டீபக் முறையில், அதாவது பிழை தேட உதவும் தகவலோடு, ஒன்றாக பில்ட் செய்கிறேன். 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, வேலை முடியும் தறுவாயில் உறைந்துவிடுகிறது. கிளாங்கில் ஒரு வரியை மாற்றினாலும் லிப்சி++ முழுவதும் மறுபடி கம்பைல் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்களுடைய இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு. உறைய வைப்பது கம்பைல் வேலை அன்று, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க் வேலை. டீபக் முறையில் கிளாங், ஆப்ட், எல்எல்சி என ஒவ்வொரு கருவியும் தனக்கு வேண்டிய நூலகங்களை டீபக் தகவலோடு தன்னுள் இழுத்துக்கொள்வதால், ஒரே ஒரு லிங்க் பல ஜிபி ரேமைக் கேட்கும். பில்ட் வேலைகளை ஓட்டும் கருவியான நிஞ்சா, ப்ராசசர் கோர்களை எண்ணி வேலையைப் பகிருமே தவிர, ரேம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எல்லா டவுன் பஸ்ஸையும் ஏ.வி. பாலத்தில் ஒரே நேரத்தில் விட்ட கதைதான். கணினியை மீண்டும் இயக்கியதும் முந்தைய பூட்டின் கெர்னல் பதிவைப் பாருங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியில் லிங்கரின் பெயர் இருந்தால் ஐயமே வேண்டாம்.

பில்டை அமைத்துத் தரும் சிமேக்கில் 'எல்எல்விஎம் பேரலல் லிங்க் ஜாப்ஸ்' என்ற மாறிக்கு 1 என்று கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு லிங்க் மட்டுமே ஓடும். இது நிஞ்சாவோடு மட்டுமே வேலை செய்யும். லிங்கராக எல்எல்டியைத் தேர்ந்தெடுங்கள். டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நடந்து பார்க்கும் தேவை இல்லையென்றால், அசர்ஷன்களை (நிரலுக்குள் இருக்கும் சரிபார்ப்புகளை) இயக்கிய ரிலீஸ் பில்டே போதும். பாரம் வெகுவாகக் குறையும். டார்கெட் பட்டியலையும் எக்ஸ்86 ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் தாங்கள் தொடவே போகாத பல ப்ராசசர்களுக்கான நிரலும் கம்பைல் ஆகும்.

இனி இரண்டாவது தொல்லை. லிப்சி++ ஒரு ரன்டைம் நூலகம், அதாவது நிரல் ஓடும்போது பயன்படும் நூலகம். ஒரே பில்டில் சேர்த்தால், அப்போதுதான் உருவான கிளாங்கைக் கொண்டே அது கம்பைல் ஆகும். ஆகவே கிளாங் மாறினால் அதுவும் பழையதாகிவிடுகிறது. கம்பைலரே மாறுவதால் இந்த இடத்தில், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து மீண்டும் தரும் சிகேஷும் கைகொடுக்காது. வேறொரு பில்ட் கோப்புறை திறந்து, மூலநிரலில் உள்ள 'ரன்டைம்ஸ்' கோப்புறையிலிருந்து சிமேக்கைத் தொடங்கி, ஏற்கெனவே நிறுவிய நிலையான கிளாங்கை அதற்குக் கம்பைலராகக் காட்டுங்கள். தாங்கள் மாற்றிய கிளாங்கால் லிப்சி++ கம்பைல் ஆகிறதா என்று பார்க்க வேண்டிய நாளில் மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் போதும்.

நடுவில் மின்சாரம் போனால் பில்ட் கோப்புறையை அழித்துவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு இது. முடிந்த கோப்புகளை நிஞ்சா தன் பதிவேட்டில் குறித்து வைத்திருப்பதால், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.