பதில்: தங்கக் காப்பில் கறுப்புப் பட்டை

கல்முனைக் கடை ஒன்றுக்குக் காப்பும் கல் மோதிரமும் படம் எடுக்கிறீங்க. காப்பின் நடுவால கறுப்புப் பட்டை, ஓரத்தில வெள்ளைப் பொட்டு, இன்னொரு லைட் வாங்கியும் சரிவரல்ல எண்டு எழுதியிருந்தீங்க.

லைட்டைக் கூட்டினா பொட்டுத்தான் கூடும். மினுக்கின தங்கம் கண்ணாடி மாதிரி, முன்னால நிக்கிறதைத்தான் காட்டும். அந்தப் பட்டை நீங்களும் உங்கட கமராவும்தான்! நான் மட்டக்களப்பில முதன்முதல் எடுத்த தாலிக்கொடியில, கண்ணிக்குக் கண்ணி என்ட கட்டம் போட்ட சேட் தெரிஞ்சுது.

ட்ரேசிங் பேப்பரைக் கூம்பு மாதிரிச் சுருட்டிக் காப்புக்கு மேல கவிழ்த்து வைங்க. மேல் ஓட்டையால லென்ஸ் பார்க்கட்டும். லைட் வெளியில, பேப்பரில இருந்து ஒரு அடி தள்ளி நிக்கட்டும். ஒட்டி வைச்சா பொட்டு திரும்ப வரும். இப்ப காப்பு பிளாஸ்டிக் மாதிரிச் சப்பெண்டு தெரியும். பயப்படாதீங்க. கறுப்பு பிறிஸ்டல் போட்டில விரல் அகலத் துண்டு வெட்டிக் கூம்புக்குள்ள ஒரு பக்கம் ஒட்டினா விளிம்பு எடுப்பாக வரும். கறுப்பு வேணும்தான், நாம வைக்கிற இடத்தில.

மோதிரக் கல்லுக்கு மட்டும் மேலால சின்ன டோர்ச் ஒண்டு. பேப்பரால பரவி வாற வெளிச்சத்தில மட்டும் கல் மினுங்காது.

போலரைசர் எண்டு லென்ஸில மாட்டுற, பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர் வாங்கக் காசு செலவழிக்காதீங்க, உலோகப் பளபளப்பை அது தனியாக எடுக்காது. கமராவில ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவாரம்) 11 வைச்சு, ட்ரைபொட்டில நிறுத்தி எடுங்க. கடை டியூப் லைட்டை அணைச்சிருங்க, இல்லாட்டி தங்கம் பச்சையடிக்கும்.

பிறகும் பட்டை வந்தா படத்தைப் போடுங்க, பார்ப்பம்.