நம் பேய்க்கதைகளிலிருந்து மேசை விளையாட்டுக்கு ஓர் எதிரியை உருவாக்குவது எப்படி? அது எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் உயிர்ப்புள்ளிகள் எத்தனை வைக்கலாம்?

உயிர்ப்புள்ளியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைக்குள் பாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டை நடத்துகிறவர், ஏதோ ஒரு பேய்க்குக் கவச எண்ணும் தாக்குதல் பட்டியலும் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வழியில் போனால் பெயர் மாற்றிய ஓநாய்தான் கிடைக்கும். கதை அந்தப் பேய்க்கு என்ன தடை விதிக்கிறது, அதை அது எப்படித் தாண்டுகிறது என்பதை முதலில் தேடுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது பழையனூர் நீலியை. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்திருக்க, பழிவாங்க வருகிறாள். அவன் கையில் கத்தி இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. அதனால் கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவன் கைவிட்டுவிட்டான் என்று வேளாளர் சபையில் அழுகிறாள். அவனுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று 70 பேரும் வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கிக்கொண்டு, அவளோடு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, ஒருத்தி வஞ்சித்து உயிர்கொண்ட செய்தி வருகிறது. அத்தனை பழைய கதை.

என் ஆட்டக்காரர்களை நான் வீரர்களாக அனுப்பவில்லை. சபையில் உட்கார வைத்தேன். பொய்யைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பது விதி. எப்போதும் வாளைத்தான் முதலில் உருவுகிற நண்பர் ஒருவர் அன்று நீலிக்காக வாதாடினார். வணிகன் நடுங்கிக் கெஞ்சினான். "கத்தியைக் கொடுத்துவிட்டுப் போ, நாங்கள் இருக்கிறோம்" என்று அவரே சொன்னார். மறுநாள் காலைக் காட்சியை நான் விவரித்தபோது மேசையில் யாரும் பேசவில்லை. பிறகு பெரும் வாக்குவாதம். வாக்கை மீறுகிற பாத்திரத்தின் சொல் இனி எந்த ஊரிலும் எடுபடாது என்று முன்பே அறிவித்திருந்தேன். வாக்குப்படி தங்கள் பாத்திரங்களின் உயிரைத் தர இருவர் மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் நெடுநாள் வளர்த்த பாத்திரங்களைச் சாகவிட்டு, அவற்றின் விவரத் தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வாதாடிய நண்பர்தான் முதலில் நீட்டினார்.

பகடை இல்லாமல் அதென்ன விளையாட்டு என்று சிலர் வருவார்கள். சபைக்கு வெளியே வேண்டிய அளவு உருட்டினோம். இசக்கியம்மனாக வணங்கப்படுபவளை அரக்கியாக்கலாமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவள் கொலையுண்ட முற்பிறவியை ஆட்டத்தில் முழுமையாகச் சொன்னேன். அவளைக் கொன்று புதையல் எடுக்கும் முடிவை வைக்கவே இல்லை.

இந்த மரியாதையை ராட்சசர்களுக்கு யார் கொடுத்தார்கள்? 1977-இல் வந்த, அந்த விளையாட்டின் அரக்கர் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய். அருள்பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் சாவான் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து எடுத்தது. துறவி வேடத்தில் வந்து பிச்சை கேட்ட ராவணனும் பொன்மானாக ஓடிய மாரீசனும் இருக்கும்போது புலித்தலை எதற்கு? இன்றுவரை அந்தப் புலித்தலை உருவம்தான் உலகமெங்கும் புழங்குகிறது. எனக்கு ஆறவே இல்லை.

உயிர்ப்புள்ளியை உங்கள் குழுவின் நிலைக்கு ஏற்ப வையுங்கள். கத்தி வைத்திருப்பவரை அவள் தொட முடியாது என்ற விதியை மட்டும் எந்த மந்திரத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.